அழைப்பது பெண்: அந்துப்பூச்சியின் வாசனைச் சுரப்பி பற்றி வாசகர் கேள்விகள்

பெண் அந்துப்பூச்சி காற்றில் விடும் வாசனையைத் தேடி ஆண் பூச்சி வருகிறது என்பதைப் பள்ளிப் பாடத்திலேயே பலரும் படித்திருப்பீர்கள். அந்த வாசனை பூச்சியின் உடலில் எங்கே பிறக்கிறது, எப்படி உருவாகிறது, யார் கட்டளைப்படி வெளியேறுகிறது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன். ஆண் பூச்சியின் உணர்கொம்பைப் பற்றி எழுதப்படும் அளவுக்குப் பெண்ணின் சுரப்பியைப் பற்றி எழுதப்படுவதில்லை என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. ஆகவே சில விடைகள் நீண்டுவிட்டன.

கேள்வி: பெண் அந்துப்பூச்சியின் உடலில் இந்தச் சுரப்பி எங்கே இருக்கிறது? கண்ணால் பார்க்க முடியுமா?

பதில்: நம் உடலில் உமிழ்நீர்ச் சுரப்பி இருப்பதுபோல் தனித்த ஓர் உறுப்பைத் தேடினால் பெரும்பாலான இனங்களில் ஏமாற்றமே மிஞ்சும். இங்கே தோலே சுரப்பி. பூச்சியின் வயிறு கண்டங்கள் எனப்படும் வளையப் பகுதிகளால் ஆனது. அதன் கடைக்கோடியில், எட்டாம் கண்டத்துக்கும் ஒன்றாக இணைந்துவிட்ட ஒன்பது, பத்தாம் கண்டங்களுக்கும் இடையே உள்ள மெல்லிய சவ்வில்தான் அது அமைந்திருக்கிறது. பூச்சி ஓய்வாக இருக்கும்போது கடைசிக் கண்டங்கள் முன்னுள்ள கண்டங்களுக்குள் செருகிக்கொள்வதால் அந்தச் சவ்வு மடிந்து மறைந்துவிடும். முட்டையிடும் முனையைப் பெண் பூச்சி வெளியே நீட்டும்போதுதான் மடிப்பு விரிந்து அது காற்றில் படுகிறது. அசையாமல் அமர்ந்து, வயிற்று நுனியை நீட்டியும் சுருக்கியும் நிற்கும் இந்தச் செயலை ஆய்வாளர்கள் 'அழைத்தல்' என்கிறார்கள்.

நுண்ணோக்கியில் வேறுபாடு தெளிவாகத் தெரியும். உடலின் பிற பகுதிகளில் தட்டையாக இருக்கும் தோல் செல்கள் இங்கே உயர்ந்து தடித்து, கொழுப்புத் துளிகளைத் தாங்கி நிற்கின்றன. அவற்றின் மேல்விளிம்பு எண்ணற்ற நுண்மடிப்புகளாகப் பிரிந்து புறத்தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும். சுரந்ததை வெளியே கொண்டுசெல்ல நாளம் எதுவும் இல்லை. பொருள் புறத்தோலின் ஊடே கசிந்து மேற்பரப்பை அடைந்து ஆவியாகிறது.

இனத்துக்கு இனம் வடிவம் மாறும். காய்ப்புழுக்களின் தாய்ப்பூச்சியான ஹெலிகோவெர்பாவில் சுரப்பித் திசு வயிற்று நுனியைச் சுற்றி வளையமாக அமைந்துள்ளது. பட்டுப்பூச்சியிலோ அது இரு பக்கமும் புடைத்து வரும் ஒரு ஜோடிப் பைகள். அழைக்கும் நேரத்தில் உடல்திரவத்தின் அழுத்தத்தால் அவை வெளியே பிதுங்குவதை வெறும் கண்ணாலேயே காணலாம். புலி அந்துப்பூச்சிகளைச் சேர்ந்த யூட்டெதைசா ஆர்னாட்ரிக்ஸ் என்னும் இனத்தில் அது உட்குழிந்த இரண்டு குழாய்களாக மாறியிருக்கிறது, வாசனையும் ஒரே சீராக வராமல் விட்டுவிட்டுத் துடிப்புகளாக வெளிப்படுகிறது. கூட்டுப்புழுப் பையைவிட்டு வெளியேறாத, இறக்கையற்ற பெண் பைப்பூச்சிகள் சிலவற்றில் மார்புப் பகுதியின் நுண்மயிர்களில் வாசனை ஏறியிருக்கும். அந்த மயிர்கள் பைக்குள் உதிர்ந்து கிடந்து ஆணை ஈர்க்கின்றன.

தொன்மையான சில அந்துப்பூச்சிக் குடும்பங்களில் சுரப்பி வயிற்று நுனியில் இல்லை. ஐந்தாம் கண்டத்தின் அடிப்பக்கத்தில் ஒரு ஜோடியாக இருக்கிறது. அந்துப்பூச்சிகளின் நெருங்கிய உறவினரான, நீரில் வளரும் டிரைக்கோப்டெரா பூச்சிகளிலும் அதே இடத்தில்தான் சுரப்பி காணப்படுகிறது. ஆகவே ஐந்தாம் கண்டச் சுரப்பியே பழைய அமைப்பு, வயிற்று நுனிச் சுரப்பி பின்னால் தோன்றியது என்று கொள்வதே பொருத்தம்.

கேள்வி: வாசனைதான் ஆணை இழுக்கிறது என்பதை முதலில் எப்படி உறுதிசெய்தார்கள்?

பதில்: 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்ஸைச் சேர்ந்த இயற்கையியலாளர் ழான் ஆன்ரி ஃபாபர் செய்த சோதனைகள் எளிமையானவை, ஆனால் ஐயத்துக்கு இடமளிக்காதவை. கம்பிவலைக் கூண்டில் அடைத்த பெண் பூச்சியைத் தேடி ஆண்கள் கூட்டமாக வந்தன. காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைத்ததும் ஒன்றுகூட வரவில்லை. இன்னொரு சோதனையில், கண்ணாடி மூடிக்குள் பெண் பூச்சி நன்றாகத் தெரியும்படி இருக்க, ஆண்கள் அதைப் பொருட்படுத்தாமல், முந்திய இரவு அந்தப் பெண் தங்கியிருந்த காலி இடத்தை மொய்த்தன. கண்ணுக்கு இதில் பங்கில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்தப் பொருள் இன்னதென்று அறிய மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசுக்குரியவரான ஜெர்மானியர் அடால்ஃப் புட்டெனான்ட், ஏறத்தாழ 20 ஆண்டுகள் உழைத்து, சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் வயிற்று நுனிச் சுரப்பிகளிலிருந்து சில மில்லிகிராம் பொருளைப் பிரித்தெடுத்தார். ஒவ்வொரு கட்டத்திலும் பிரித்த சாற்றை ஆண் பூச்சியின் முன் காட்டி, அது இறக்கையைப் படபடக்கிறதா என்று பார்த்தே தன் வழியைத் தேர்ந்தார். 1959இல் வெளியான அந்த முடிவு, 16 கார்பன் அணுக்களும் இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட ஓர் ஆல்கஹாலைச் சுட்டியது. அதற்குப் பாம்பிகால் என்று பெயர். ஓர் உயிர் தன் இனத்தின் பிற உயிர்களுக்குச் செய்தியாக வெளியிடும் இத்தகைய பொருளைக் குறிக்க 'ஃபெரோமோன்' என்ற சொல்லைப் பீட்டர் கார்ல்சனும் மார்ட்டின் லூஷரும் முன்வைத்ததும் அதே ஆண்டில்தான்.

கேள்வி: இந்த வாசனையைப் பூச்சி செடியிலிருந்து பெறுகிறதா, தானே தயாரிக்கிறதா?

பதில்: பெரும்பாலான இனங்களில் சுரப்பிச் செல்களே தயாரிக்கின்றன. தொடக்கப் பொருள், எல்லா உயிர்களின் உடலிலும் உள்ள கொழுப்பு அமிலம். 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலத்தில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஹைட்ரஜனை நீக்கி இரட்டைப் பிணைப்பை உண்டாக்குவது ஒரு நொதி. சங்கிலியை இரண்டிரண்டு கார்பன்களாகக் குறைப்பது வேறு நொதிகள். அமில முனையை ஆல்கஹாலாக்குவது இன்னொன்று. தேவைப்பட்டால் அந்த ஆல்கஹாலை அசிடேட்டாகவோ ஆல்டிஹைடாகவோ மாற்றுவது மற்றொன்று. அசாதாரணமான பொருள் எதுவும் இதில் இல்லை. எந்த நொதி முதலில், எது பிறகு, எது எவ்வளவு என்ற வரிசையும் அளவும் மாறுவதாலேயே நூற்றுக்கணக்கான வெவ்வேறு சேர்மங்கள் உருவாகின்றன. அந்துப்பூச்சிகளுக்கே சிறப்பாக உரியது, சங்கிலியின் பதினோராம் கார்பனில் இரட்டைப் பிணைப்பை ஏற்படுத்தும் நொதி. அமெரிக்க ஆய்வாளர் வெண்டல் ரோலோஃப்ஸின் குழு 1980களின் தொடக்கத்தில் இதை எடுத்துக்காட்டியபின்தான் பல ஃபெரோமோன்களின் அமைப்பு ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கியது.

ஆனால் எல்லா இனங்களுக்கும் இது பொருந்தாது. நிலமளக்கும் புழுக்களின் தாய்ப்பூச்சிகள் போன்ற சில குழுக்களில், புழுப்பருவத்தில் இலையோடு உள்ளே போன லினோலிக், லினோலெனிக் அமிலங்களிலிருந்து நீண்ட ஹைட்ரோகார்பன்கள் உருவாகின்றன. அவற்றைத் தயாரிப்பது சுரப்பி அன்று. ஈனோசைட்டு எனப்படும் வேறு செல்கள். அங்கிருந்து உடல்திரவத்தில் உள்ள ஒரு புரதம் அவற்றைச் சுமந்து சுரப்பிக்குக் கொண்டுவருகிறது. சுரப்பி, வேண்டுமானால் ஓர் ஆக்சிஜன் அணுவை இணைத்து, வெளியே விடுகிறது. ஒரே பணியைச் செய்யும் இரு சுரப்பிகளில் ஒன்று முழு ஆலை, மற்றொன்று கடைசிக் கட்டப் பட்டறை என்பதை ஒரே படத்தை வைத்து விளக்கும் பாடநூல்கள் விட்டுவிடுகின்றன.

கேள்வி: பகலில் அழைக்காமல் இரவில் மட்டும் அழைக்க வேண்டும் என்று சுரப்பிக்கு எப்படித் தெரியும்?

பதில்: சுரப்பிக்குத் தெரியாது, தலையிலிருந்து கட்டளை வருகிறது. 1984இல் அசோக் ரெய்னாவும் ஜெரோம் குளுனும் ஹெலிகோவெர்பா சியா என்னும் மக்காச்சோளக் காய்ப்புழுவின் பெண் பூச்சிகளைக் கொண்டு இதை மெய்ப்பித்தார்கள். தலைக்கும் உடலுக்கும் இடையே இறுகக் கட்டிவிட்டால் இரவு வந்தாலும் சுரப்பியில் ஃபெரோமோன் உருவாகவில்லை. மூளைப் பகுதியின் சாற்றை உடலில் செலுத்தியதும் மீண்டும் உருவாயிற்று. 1989இல் அந்தக் கட்டளைப் பொருள் 33 அமினோ அமிலங்களால் ஆன ஒரு பெப்டைடு என்று கண்டறியப்பட்டது. ஃபெரோமோன் உற்பத்தியைத் தூண்டும் நரம்புப் பெப்டைடு என்ற பொருளுடைய ஆங்கிலப் பெயரைச் சுருக்கி அதைப் பி.பி.ஏ.என். என்று அழைக்கிறார்கள். உணவுக்குழாயின் கீழே உள்ள நரம்பு முடிச்சில் பிறந்து, உடல்திரவத்தில் கலந்து, வயிற்று நுனியை அடைந்து, சுரப்பிச் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் ஒட்டிக்கொள்கிறது. செல்லுக்குள் கால்சியம் பாய, நொதிகள் முடுக்கம் பெறுகின்றன. பட்டுப்பூச்சியில் இதே பெப்டைடைத் தரும் மரபணுவிலிருந்தே முட்டையை உறங்குநிலைக்கு அனுப்பும் ஹார்மோனும் உருவாகிறது என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.

கடிகாரம் மட்டுமே இதைத் தீர்மானிப்பதில்லை. அதே ஹெலிகோவெர்பா சியாவின் காட்டுப் பெண்கள், முட்டையிடத் தகுந்த செடியின் வாசனை கிடைக்கும்வரை ஃபெரோமோன் தயாரிப்பையே தள்ளிப்போடுகின்றன என்று ரெய்னாவின் குழு 1992இல் காட்டியது. புழுக்களுக்கு உணவு கிடைக்கும் இடத்தை அறிந்த பின்னரே ஆணை அழைப்பது எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு! இணைசேர்ந்த பிறகு சுரப்பி அடங்குகிறது. சில இனங்களில் ஆணின் துணைச் சுரப்பியிலிருந்து வரும் பொருள் அதை அடக்குகிறது. பட்டுப்பூச்சியில் நரம்பு வழியாகச் செய்தி செல்கிறது. பல முறை இணைசேரும் இனங்களில் அடுத்த இரவோ அதற்குப் பின்போ அழைப்பு திரும்பவும் தொடங்கும். பெண் பூச்சி செயலற்றுக் காத்திருக்கிறது, ஆண்தான் தேடி உழைக்கிறது என்று எழுதுவோர் இந்த முடிவுகளையெல்லாம் கணக்கில் கொள்வதில்லை.

கேள்வி: ஒரே இரவில் பல இனங்கள் அழைத்தால் ஆண் பூச்சிகளுக்குக் குழப்பம் வராதா?

பதில்: வராமல் இருப்பதற்குக் காரணம் கலவை. அந்துப்பூச்சிகளில் தனியொரு பொருளை மட்டும் நம்பும் இனங்கள் குறைவு. இரண்டு, மூன்று பொருள்களைக் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்த்து விடுவதே வழக்கம். இதற்கு ஐரோப்பிய மக்காச்சோளத் தண்டுத்துளைப்பானை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. உருவத்தில் வேறுபாடே காட்டாத இரண்டு வகைகள் அந்த இனத்தில் உள்ளன. இரண்டும் பயன்படுத்துவது அதே மூலக்கூறின் இரு வடிவங்களை: இரட்டைப் பிணைப்பில் சங்கிலி ஒரே பக்கமாக வளையும் வடிவம், எதிரெதிர்ப் பக்கமாக நீளும் வடிவம். முதல் வகைப் பெண் இவற்றை 97:3 என்ற விகிதத்தில் விடுகிறாள். இரண்டாம் வகைப் பெண் ஏறத்தாழ 1:99 என்று தலைகீழாக விடுகிறாள். அந்தந்த வகை ஆண் தன் வகையின் விகிதத்தையே நாடுகிறது. அமிலத்தை ஆல்கஹாலாக்கும் நொதியின் மரபணுவில் உள்ள மாற்றமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று 2010இல் தெரியவந்தது. ஆணின் விருப்பத்தை நிர்ணயிக்கும் மரபணுவோ வேறொரு குரோமோசோமில் இருக்கிறது. அப்படியிருக்க, பெண்ணின் கலவை மாறும்போது ஆணின் விருப்பமும் எப்படிச் சேர்ந்து மாறியது என்பது பரிணாமவியலாளர்களின் சிந்தனையை இன்றளவும் ஈர்த்துவரும் கேள்வி. இதன் ஆசிய உறவினமான தண்டுத்துளைப்பான், பதினோராம் கார்பனுக்கு மாறாகப் பதினான்காம் கார்பனில் வேலை செய்யும் நொதியைச் சுரப்பியில் இயக்கியிருக்கிறது. அந்த மரபணு ஐரோப்பிய இனத்திலும் உண்டு, ஆனால் அதன் சுரப்பியில் செயல்படுவதில்லை.

நேரமும் ஒரு வேலி. வட அமெரிக்காவின் பெரிய பட்டு அந்துப்பூச்சிகளில் புரோமீத்தியா பிற்பகலில் அழைக்கிறது, செக்ரோப்பியா விடியலுக்கு முன் அழைக்கிறது.

கேள்வி: பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் ஆண் பூச்சி மோப்பம் பிடிக்கும் என்று படித்தேன். உண்மையா?

பதில்: அடையாளமிட்டு வெகுதொலைவில் விடப்பட்ட ஆண் பூச்சிகள் பெண்ணிடம் வந்து சேர்ந்திருப்பது உண்மை. அதனால் அவை புறப்பட்ட இடத்திலேயே வாசனையை உணர்ந்தன என்று ஆகாது. அங்குமிங்கும் பறந்து திரிந்து, வாசனை மிதக்கும் காற்றோட்டத்துக்குள் நுழைந்த பிறகே அதைப் பற்றியிருக்கலாம். ஆணின் உணர்திறன் வியப்புக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆண் பட்டுப்பூச்சியின் ஒவ்வோர் உணர்கொம்பிலும் பாம்பிகாலை அறியும் மயிர்கள் சுமார் 17,000 உள்ளன. ஒரே ஒரு மூலக்கூறு பட்டாலே நரம்புச் செல் துடிக்கும். பெண் பட்டுப்பூச்சியால் தன் பாம்பிகாலை உணர முடியாது என்பதும் குறிப்பிடத்தக்கது.

கேள்வி: வண்ணத்துப்பூச்சிகளுக்கும் இதே சுரப்பி உண்டா?

பதில்: பரிணாம வரலாற்றில் வண்ணத்துப்பூச்சிகள் தனி இனம் அல்ல, அந்துப்பூச்சிகளின் பெருங்குடும்பத்தில் பகல்வாழ்வுக்கு மாறிய ஒரு கிளை. வெளிச்சத்தில் இறக்கையின் நிறமும் அசைவும் தொலைவிலேயே தெரியும் என்பதால், பெண் வெகுதொலைவுக்கு வாசனை அனுப்பி அழைக்கும் முறை அந்தக் கிளையில் அனேகமாக மறைந்துவிட்டது, வயிற்று நுனிச் சுரப்பியும் உடன் மறைந்தது. பகலில் பறக்கும் காஸ்ட்னிடே என்னும் அந்துப்பூச்சிக் குடும்பத்திலும் பெண்கள் அதை இழந்துவிட்டதாக ஆய்வுகள் சொல்கின்றன. பகல்வாழ்வே இந்த இழப்புக்குக் காரணம் என்ற கருத்துக்கு அது வலுச்சேர்க்கிறது.

வாசனை மட்டும் மறையவில்லை, கைமாறியது. வண்ணத்துப்பூச்சிகளில் ஆண்தான் நெருங்கிவந்து தன் வாசனையைப் பெண்ணுக்குக் காட்டுகிறது. டானஸ் குழு ஆண்கள் சில செடிகளிலிருந்து நச்சு ஆல்கலாய்டுகளை உறிஞ்சி, அவற்றை டானைடோன் என்ற பொருளாக மாற்றி, வயிற்று முனையிலுள்ள மயிர்க்கற்றைகளால் பெண்ணின் மேல் தூவுகின்றன. ஆப்பிரிக்காவின் பைசைக்ளஸ் அனினானா என்னும் பழுப்பு வண்ணத்துப்பூச்சியின் ஆண், இறக்கையின் சிறப்புச் செதில்களில் ஃபெரோமோன் தயாரிக்கிறது. அதற்கு அது பயன்படுத்துவது, பெண் அந்துப்பூச்சியின் சுரப்பியில் நாம் மேலே பார்த்த அதே பதினோராம் கார்பன் நொதியை! சுரப்பி போன பிறகும் அதன் மரபணு வேறு பாலில், வேறு உறுப்பில் வேலைக்கு வந்திருக்கிறது.

பெண் வண்ணத்துப்பூச்சியின் வயிற்று நுனி முற்றிலும் வாசனையற்றது என்று நினைத்துவிடக் கூடாது. ஹெலிகோனியஸ் பெண்களிடம் குண்டாந்தடி வடிவில் இரு சிறு நீட்சிகள் உள்ளன. இணைசேர்ந்த பெண்ணிடமிருந்து கடுமையான வீச்சம் வரும். ஆனால் அந்த வீச்சத்தைத் தந்தது அவளுடன் சேர்ந்த ஆண். பிற ஆண்கள் அவளை விட்டு விலகுவதற்காக ஏற்றப்பட்ட வாசனை அது. வெள்ளை வண்ணத்துப்பூச்சியான பியரிஸ் இனங்களிலும் இதே ஏற்பாடு உண்டு.

கேள்வி: இந்த வாசனையை எதிரிகள் ஒட்டுக்கேட்பதுண்டா?

பதில்: உண்டு, போலியாகத் தயாரிப்பதும் உண்டு. அமெரிக்கக் கண்டங்களின் மாஸ்டோஃபோரா சிலந்தி, ஓர் இழையின் நுனியில் பசை உருண்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பெண் அந்துப்பூச்சியின் ஃபெரோமோனை ஒத்த பொருள்களைக் காற்றில் விடும். தேடிவரும் ஆண்களை அந்த உருண்டையால் வீசிப் பிடிக்கும். மாஸ்டோஃபோரா ஹட்சின்சோனி என்ற இனம் இரவின் முற்பகுதியில் ஒரு பூச்சிக்குரிய கலவையையும் பிற்பகுதியில் இன்னொரு பூச்சிக்குரியதையும் மிகுதியாக வெளியிடுகிறது. ஒட்டுக்கேட்பதில் டிரைக்கோகிராமா குளவி தேர்ந்தது: மேலே சொன்ன வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளில் ஆண் ஏற்றிய விலக்கு வாசனையை மோப்பம் பிடித்து, அந்தப் பெண்ணின் மேலேயே ஏறிப் பயணம் செய்து, அவள் முட்டையிட்டதும் இறங்கி அந்த முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடுகிறது.

கேள்வி: யானைக்கும் அந்துப்பூச்சிக்கும் ஒரே ஃபெரோமோன் என்பது வதந்தியா?

பதில்: வதந்தி அன்று. கருவுறத் தயாராகும் ஆசியப் பெண் யானையின் சிறுநீரில் வெளிப்படும் பொருள், நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் தங்கள் கலவையில் சேர்க்கும் 12 கார்பன் அசிடேட்டேதான் என்று 1996இல் பெட்ஸ் ராஸ்முசன் குழு அறிவித்தது. பூச்சிக்குக் கலவை முழுமையாக வேண்டும். யானைக்கு அளவு மிகுதியாக வேண்டும். ஆகவே ஒன்றின் அழைப்பில் மற்றொன்று குழம்புவதில்லை.

கேள்வி: இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் பூச்சிகள்தான் விழுகின்றன. முட்டையிடும் பெண் தப்பிவிடுகிறதே, பிறகு பயன் என்ன?

பதில்: பொறியின் முதன்மையான பயன் பூச்சியை ஒழிப்பது அன்று, அது எப்போது வந்தது, எவ்வளவு வந்தது என்று அறிவிப்பது. ஒருசில பொறிகளால் பயிரைக் காத்துவிடலாம் என்று எதிர்பார்ப்பது தவறு. தப்பிய ஓர் ஆணே பல பெண்களுடன் இணைசேர முடியும். பெண்ணின் முட்டையைத் தடுக்க வேண்டுமானால் வயல் முழுவதும் செயற்கை ஃபெரோமோனைப் பரப்பி, ஆணால் உண்மையான அழைப்பைக் கண்டுபிடிக்க முடியாதபடி செய்ய வேண்டும். பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்காக அமெரிக்காவில் 1978இல் இந்த முறைக்குப் பதிவு கிடைத்தது. அந்தப் புழுவின் ஃபெரோமோன் இரு வடிவங்களின் சரிபாதிக் கலவை. மரபணு மாற்றப் பருத்தி, மலடாக்கிய பூச்சிகளை விடுதல் ஆகியவற்றோடு இந்த முறையும் சேர்ந்து, 2018இல் அந்நாட்டின் பருத்தி வயல்களிலிருந்து அந்தப் புழு ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

பொறி வைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொறிக்குள் வைக்கும் ரப்பர் லூரில் (வாசனை ஏற்றிய கவர்ச்சித் துண்டில்) ஊறியிருக்கும் பொருள், பெண் பூச்சியின் சுரப்பி விடும் விகிதத்தைப் பார்த்துக் கலந்தது. ஓர் இனத்தின் லூரைத் தொட்ட கையால் இன்னோர் இனத்தின் லூரைத் தொட்டால் அந்த விகிதம் கெட்டுவிடும். கையுறையை மாற்றிக்கொள்ளுங்கள், பயன்படுத்தாத லூர்களை உறை பிரிக்காமல் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.